குனிந்த மெழுகுவர்த்தி

எங்காவது சூடான மெழுகு வாசம் வந்தால் போதும், டெக்சாஸின் கேட்டி நகரில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த, இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்தத் தகர வகுப்பறைக்குள் போய்விடுவேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கால அமெரிக்காவில் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட, டீச்சர் விளக்குகளை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு நூலைக் கொடுத்து, மெழுகுப் பானையில் முக்கி முக்கிச் சுற்றிவரச் சொன்னார். உதவிக்கு வந்திருந்த அம்மாவும் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் கூடவே நடந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் என் மெழுகுவர்த்தி கொஞ்சம் பருத்தது.

காரின் முன்கண்ணாடிக்கு அடியில் அம்மா வைத்திருந்த சின்னப் பிள்ளையாருக்கு எதிரே அதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய்வந்தோம். டெக்சாஸ் வெயிலில் அது பிள்ளையார் பக்கமாக வளைந்து கிடந்தது.

"மம்மி, இட்ஸ் ரூயின்ட்!" பாழாகிவிட்டதே என்று அழுதேன்.

"அழாதடி. பாரு, சாமி கும்பிடுது."

நிமிர்த்த நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.