டி.சி. ரூம்

தனப்பிரியா அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பிள்ளைகள் அவளைக் கண்டால் வழிமாறிப் போனார்கள். உளவியல் படித்தவள் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டி அவளைப் படிக்கவைத்த அப்பாவே, மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஸ்கூல்ல டீச்சருங்க" என்றுதான் சொல்வார். பைத்தியம் பார்க்கிற படிப்பு என்று ஊருக்குள் பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

பள்ளி நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், மஞ்சள் காடுகளுக்கு நடுவே இருந்தது. பத்தாம் வகுப்பில் ஒருவர்கூடத் தவறியதில்லை என்று முன்வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு. படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைச் சோதித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு எழுதிக்கொடுப்பது அவள் வேலை. தாளாளர் குருமூர்த்தி கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். அறிக்கை மட்டும் நேராகத் தன் கைக்கு வர வேண்டும், பெற்றோரிடம் தானே பக்குவமாகப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அது அவளுக்குத் தவறாகப் படவில்லை.

இரண்டாவது வருடம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து இனியா என்ற பெண்ணை அனுப்பினார்கள். வாய்க்கணக்கில் கெட்டிக்காரி, எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிப்போகின்றன என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். ஆனால் சோதனைக்கு எல்லோருக்கும் கொடுக்கும் பத்தியை இனியா தடங்கலில்லாமல் வாசித்தாள். சந்தைக்கு ஆடு விற்கப் போன ஒரு பெண்ணைப் பற்றிய பத்தி. தனப்பிரியாவுக்கு எதுவோ இடித்தது. பெண்ணின் வாய் கடைசி வரிக்குப் போய்விட்டது. விரல் இன்னும் முதல் வரியிலேயே நின்றது.

மேசையிலிருந்த வேறொரு புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். இனியாவின் முகம் வெளுத்தது. முதல் சொல்லையே மூன்று விதமாக வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அந்தப் பத்தியை யாரு கண்ணு சொல்லிக்குடுத்தது?"

இனியா புத்தகத்தை மூடித் தள்ளிவைத்தாள்.

"நான் திட்டமாட்டேன். சும்மா சொல்லு."

"சொன்னா டி.சி. குடுத்துருவீங்க."

"நான் எதுக்கு டி.சி. குடுக்கப்போறேன்?"

இனியா கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இது டி.சி. ரூமுதானுங்க மிஸ். போன வருசம் இங்க வந்தவங்க ஒருத்தருகூட இப்ப பத்தாவதுல இல்லீங்க."

தனப்பிரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பத்தியைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள், அவளிடமிருந்து தப்பிப்பதற்காக. போன வருடம் அவள் சோதித்தவர்களில் சௌந்தர்யாவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அழகாகப் படம் போடும் பெண். பள்ளி திறந்தபோது அவளைக் காணாமல் விசாரித்ததற்கு, "அவங்க ஊடு மாத்திக்கிட்டுப் போயிட்டாங்கம்மா" என்று குருமூர்த்தி சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சௌந்தர்யாவின் ஊருக்குப் போனாள். வீடு மாறியிருக்கவில்லை. கிரில் கதவுக்குப் பின்னால் அவளுடைய அம்மா அங்கம்மாள் நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை.

"அந்த எழுதிக்குடுக்கற மிஸ்ஸு நீங்கதானே? இன்னும் என்னத்த எழுதோணும்?"

"சௌந்தர்யாவைப் பாக்கலாம்னு வந்தனுங்க."

"அது மில்லுக்குப் போயிருக்குது. புத்தி பத்தாத புள்ளைக்கு எதுக்குப் படிப்பு? நீங்கதானே அப்படி எழுதியிருக்கீங்க. ஸ்பெஷல் ஸ்கூல்லதான் சேக்கோணும்னு. கரஸ்பாண்டென்டு அந்தக் காயிதத்தைக் கையில வெச்சுக்கிட்டே சொன்னாரு."

"நான் அப்படி எழுதலீங்க. புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, பரிச்சையில கொஞ்சம் கூடுதல் நேரம் குடுங்க, வாசிச்சுக் காட்டுங்கன்னுதான் எழுதுனேன்."

அங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னைக்கு வந்து சொல்லியிருக்கலாமுல்ல? இப்ப வேற யாரு சொல்லி வந்திருக்கீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் தனப்பிரியா தாளாளரின் அறைக்குப் போனாள். குருமூர்த்தி கோபப்படவில்லை. டீ வரவழைத்தார்.

"சொந்தக்காரங்க மாதிரி சொல்றேன், கேளும்மா. பெத்தவங்க அந்த போர்டைப் பாத்துத்தான் புள்ளைங்களைச் சேக்கறாங்க. ஒருத்தர் ஃபெயிலுன்னா அடுத்த வருசம் வண்டி வண்டியா வேற ஸ்கூலுக்குப் போயிருவாங்க. நான் யாரையும் வெரட்டலை. அவங்களா எழுதிக்குடுத்து டி.சி. வாங்கிக்கிட்டுப் போறாங்க."

"என் ரிப்போர்ட்டைக் காட்டி பயமுறுத்துனா எழுதித்தானுங்க சார் குடுப்பாங்க."

அவர் கண்கள் சுருங்கின. "உங்கிட்ட யாரு பேசுனாங்க? வேற ஸ்கூல்ல எதாச்சும் பேசி வெச்சிருக்கியா?" டீ டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, "இனியா ரிப்போர்ட்டு இந்த வாரம் வந்துரோணும்" என்றார்.

வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கையை இந்த முறை தனப்பிரியா தமிழில் எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு நேராக இனியாவின் வீட்டுக்குப் போனாள். களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. இனியாவின் அப்பா ராசப்பன் நாற்காலி போட்டார். அம்மா சௌந்திரம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். தனப்பிரியா பையைத் திறந்ததும் ராசப்பன் எழுந்துவிட்டார்.

"கையெழுத்து வாங்கத்தான் ஊடு தேடி வந்தீங்களா? நான் எதுலயும் போடமாட்டனுங்க."

"கையெழுத்து வேண்டாமுங்க. இது உங்களுக்குத்தான். படிச்சுப் பாருங்க."

இனியாவுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை, எழுத்தைப் பிரித்தறிவதில் மட்டும் சிரமம் இருக்கிறது, இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் என்று பொறுமையாக விளக்கினாள். மருத்துவச் சான்று வாங்கி விண்ணப்பித்தால் அரசுத் தேர்விலேயே கூடுதல் நேரம் கிடைக்கும், இவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கொடுப்பார்கள் என்றாள். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னால் வாங்க வேண்டியதில்லை என்றும் சொன்னாள்.

ராசப்பன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்குச் சம்பளம் குடுக்கறது ஸ்கூலு. இதுல உங்களுக்கு என்னங்க ஆதாயம்?"

"ஆதாயம் ஒண்ணுமில்லீங்க. வேலை போனாலும் போகும்."

அந்தப் பதில் அவருடைய சந்தேகத்தை அதிகமாக்கியது. வேலையைப் பற்றிக் கவலைப்படாதவள் பின்னால் யாரோ இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் வெளியே வந்தபோது முதுகுக்குப் பின்னால் சௌந்திரத்தின் குரல் கேட்டது. "இவங்களை நம்பறதா, அவரை நம்பறதா?"

இருவரையும் நம்ப வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். யாரிடமும் சொல்லாமல் இனியாவைச் சேலத்திலிருக்கும் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். தனப்பிரியா கொடுத்த காகிதத்தை அங்கே காட்டவே இல்லை. அங்கிருந்த உளவியலாளர் முதலிலிருந்து சோதித்துவிட்டு, தனப்பிரியா சொன்னதையே சொன்னார். இதெல்லாம் சௌந்திரம் பின்னாளில் சொல்லித்தான் தனப்பிரியாவுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் குருமூர்த்தி அவர்களைப் பள்ளிக்குக் கூப்பிட்டார். வழக்கமான பேச்சைத் தொடங்கியவரை ராசப்பன் நடுவிலேயே நிறுத்தினார்.

"சாமி, எம்புள்ள இங்கதான் பத்தாவது எழுதும். டி.சி. வேணும்னு நான் கேக்கலீங்க. அதையும் மீறிக் குடுக்கறதுன்னா, ஏன் குடுக்கறீங்கன்னு எழுதிக் குடுங்க. கலெக்டராபீசுல காட்டறேன்."

குருமூர்த்தி எழுதிக் கொடுக்கவில்லை. இனியா அங்கேயே படித்தாள். அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள், ஆண்டு விழாவில் சேர்க்கவில்லை. தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்ததைக் கேட்டுக் கேட்டு அம்மா சௌந்திரம் அனுப்ப வைத்தாள். மறு வருடம் இனியா சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். அவள் தேறிவிட்டாள். கணக்கில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுடையது.

தனப்பிரியா அந்த முடிவு வரும்போது பள்ளியில் இல்லை. ராசப்பன் வந்து பேசிய அந்தக் கல்வியாண்டோடு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடியில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையைச் சோதிக்கும்போது பெற்றோரையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறாள். எழுதியதை அவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்டுகிறாள். பள்ளியிலிருந்து யாராவது போன் செய்து விசாரித்தால், "பெத்தவங்ககிட்டக் கேட்டுக்குங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் அவளுக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

அங்கம்மாளைப் பார்க்க இன்னும் சில முறை போனாள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், தானே சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள். கடைசியாகப் போனபோது அங்கம்மாள் பூட்டைத் திறந்து உட்காரச் சொன்னாள். மில் சீருடையில் சௌந்தர்யா உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எழுதி ஃபெயிலாயிட்டா, மறுபடியும் என்னையப் பத்தி எழுதுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"மாட்டேன்" என்றாள் தனப்பிரியா.

சௌந்தர்யா அதை நம்பினாளா என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.