கேட் நோட்டில் எழுதிய கட்டுச்சோறு

சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். கர்ப்பமான நான்காம் மாதமே நான் வேலையை விட்டுப் போய்விட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். நான் ஒன்பதாம் மாதம் வரை உங்கள் ஷூ கம்பெனியில் உட்கார்ந்து தோல் தைத்தேன். என் மெஷினைத் தாண்டித்தான் தினமும் உங்கள் எச்.ஆர். அறைக்குப் போனீர்கள்.

இதை நிரூபித்தது நான் இல்லை. உங்கள் கேட்டில் நின்ற வாட்ச்மேன். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் ஜவ்வாது மலை. கம்பெனி அடிவாரத்தில். என் வீட்டுக்காரர் குடகில் காபித் தோட்டத்துக்குப் போயிருந்ததால், மலையிலிருந்து வந்த மூன்று பெண்களோடு வாடகை அறையில் இருந்தேன். அந்த வாட்ச்மேனை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காது. கேட்டைத் தாண்டுகிற எல்லாவற்றையும் எழுதுவார். தண்ணீர் கேன் எழுதுவார், தபால் எழுதுவார். ஒரு நாள் ஓர் ஆடு உள்ளே புகுந்து ஓடியது. அதைத் துரத்திவிட்டு வந்து, ஆடு ஒன்று, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று எழுதினார். நாங்கள் சும்மா விடவில்லை.

"அண்ணா, நாங்க தும்மினா அதையும் எய்துவீங்களா?"

"கேட்டுக்கு வெளிய தும்முனா எய்த மாட்டேன். உள்ள போம்மா, நேரமாவுது."

நான்காம் மாதம் வாந்தி நிற்காமல் மூன்று நாள் லீவு போட்டேன். திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார். லீவ் லெட்டரை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்றார். மறுநாள் முதல் ரேகை மெஷின் என் விரலை எடுக்கவில்லை. "உன் ரேகை தேய்ஞ்சிடுச்சும்மா, நோட்டுல கையெழுத்துப் போடு" என்றார். நம்பினேன். மலையில் ரேஷன் கடையில் என் அம்மாவுக்கும் ரேகை விழாது. சாமை அறுத்தும் புளியில் கொட்டை எடுத்தும் தேய்ந்துபோன விரல். எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வேறு ஊர்க்காரியாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். அதன் பிறகு சம்பளம் பேங்குக்குப் போகாமல் கவரில் வந்தது. அதையும் நான் கேட்கவில்லை. அந்த முட்டாள்தனம் என்னுடையதுதான்.

தலைப்பிள்ளைக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் முன், கட்டுச்சோறு கொண்டுவந்து ஊட்டுவது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நல்ல நாள் வெள்ளிக்கிழமைதான் என்று அம்மா வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டார். பெண் பகலெல்லாம் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் சோறு போகவேண்டும் என்று ஆறு பேர் மினி வேனில் கம்பெனி கேட்டுக்கே வந்து இறங்கினார்கள். சத்தம் கேட்டு நான் ஓடினேன்.

"இன்னாண்ணா, என் பொண்ண கூப்புடு. சோறு ஆறுது."

"இரும்மா. வண்டி நம்பர் எய்தணும். எத்தினி பேரு? தூக்குல இன்னா?"

"சோறுதான். குண்டா வச்சினு வந்துக்கீறோம்?"

"இன்னா சோறு?"

"புளிச்சோறு, சாமச்சோறு, தயிர்சோறு. உப்பு எவ்ளோ போட்டேன்னும் எய்திக்கோ."

அவர் சிரிக்கவில்லை. எழுதினார். யாரையும் உள்ளே விடவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா அவருக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் வெளியே வந்ததற்கு ஒரு கையெழுத்து, திரும்ப வேலைக்குப் போனதற்கு ஒரு கையெழுத்து. நிறைமாத வயிற்றோடு அந்த மேஜைமேல் குனிந்து கையெழுத்துப் போடும்போது அவரை மனதுக்குள் திட்டினேன். இந்த ஆளுக்கு வீட்டில் பெண்பிள்ளைகளே கிடையாதா என்று நினைத்தேன்.

மகள் பிறந்தாள். அவளை யாரிடமும் விட்டுவிட்டு அடிவாரத்தில் போய்த் தங்க முடியாது. வேலையை விடுவது என்று முடிவு செய்தேன். ஊசி போட வந்த நர்ஸ் அக்காதான் சொன்னார்: "வுடறதுன்னா வுடு. ஆனா பேறுகாலச் சம்பளம் உனக்குச் சேர வேண்டியது. அத வாங்காம வுடாத."

ஐந்து மாதக் குழந்தையோடு முதல் பஸ்ஸில் இறங்கி உங்கள் அறைக்கு வந்தேன் சார். நீங்கள் ஒரு தாளை எடுத்துக் காட்டினீர்கள். நான் கையெழுத்துப் போட்டிருந்த அதே வெள்ளைத் தாள். அதில் இப்போது, நான்காம் மாதத் தேதி போட்டு, சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன் என்று டைப் அடித்திருந்தது; கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தது. "உன் கையெழுத்துதானேம்மா? அப்புறம் எதுக்கு எங்க நேரத்த வீணாக்குற?" என்றீர்கள். ரேகை விழாததால் நான் தினமும் கையெழுத்துப் போட்ட நோட்டைக் கேட்டேன். அப்படி ஒரு நோட்டே இல்லை என்றீர்கள்.

கேட்டுக்கு வந்து நின்றேன். குழந்தை அழுதது, நானும் அழுதேன். வாட்ச்மேன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நடந்ததைச் சொன்னேன்.

"கட்டுச்சோறு எந்த மாசம்?"

"சாமை அறுப்பு முடிஞ்ச மாசம்ண்ணா."

உள்ளே போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி விரலை வைத்தார். "போன்ல புடிச்சிக்கோ. யாரு கேட்டாலும் இது என் கையெய்த்துன்னு சொல்லுவேன்" என்றார். நான் கிளம்பியபோது ஒன்று கேட்டார்: "குழந்தைய எய்தவே இல்லையே. பேரு இன்னா?"

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். விசாரணையில் நீங்கள், கேட்டில் அப்படியெல்லாம் நோட்டு வைப்பதில்லை என்றீர்கள். அதிகாரி வாட்ச்மேனை வரச் சொன்னார். நீங்கள் மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருக்க, அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கீதுங்க சார். பதினோரு நோட்டு மூட்ட கட்டி வச்சிக்கீறேன். நீங்க கேட்டத எடுத்துனு வந்துக்கீறேன்."

அதிகாரி தேதியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். மலையிலிருந்து ஆறு பேர், ஒரு வண்டி. புளிச்சோறு, சாமைச்சோறு, தயிர்சோறு. உள்ளே விடவில்லை. தையல் பிரிவுப் பெண் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். காவலாளி ஒருவர் சாப்பிட்டார். பக்கத்தில் என் இரண்டு கையெழுத்து. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏன்யா, சோத்தையெல்லாமா எழுதுவ?"

"உள்ள வர்றது, வெளிய போறது எய்துறதுதான் சார் என் வேல. சோறு கேட்டாண்ட வந்துச்சி. எய்துனேன்."

நான் நிறைய தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். சத்தம் போடுவார்கள், மேஜையைத் தட்டுவார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. சம்பளம் கொடுக்கிற கம்பெனியின் எதிரில் நின்று, ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோல உண்மையைச் சொல்லிவிட்டு, நோட்டுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குச் சேர வேண்டியது வந்துவிட்டது. ஆனால் கம்பெனி தந்த கடிதத்தில், பச்சைக்குழந்தையை முன்னிட்டு இரக்கத்தின் பேரில் தருவதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதமே வாட்ச்மேன் அந்தக் கேட்டில் இல்லை. இப்போது செங்கம் பக்கம் ஒரு அரிசி மில்லில் நிற்கிறார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "வேல போனது என்னாலதானேண்ணா?" என்றேன். "இங்க லாரி நெறைய வருது, எய்த நெறைய கீது" என்றார். பிறகு நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, மகளின் பெயரை மறுபடியும் கேட்டு எழுதினார்.

சார், உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம். சாயங்காலம் ஷிப்ட் விடும்போது அதே கேட்டில், என் சோற்றைச் சாப்பிட்ட பெண்கள் எல்லோரும் நிற்கும்போது, வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் எந்த நாள் வரை உங்களிடம் வேலை செய்தேன்? அந்த மனிதரை எதற்காக வெளியே அனுப்பினீர்கள்?