மில்லுக்கிணற்றிலிருந்து அரை மைல்

என்னிடம் குண்டாற்றுப் படுகையின் பழைய சர்வே வரைபடம் ஒன்று இருக்கிறது. என் அப்பா பிறப்பதற்கு முன் அச்சானது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். மதுரையில் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. கண்மாய்கள் நீலம், மேட்டுக் கோடுகள் பழுப்பு, பருத்தி அரவை மில்கள் சின்னக் கறுப்புக் கட்டங்கள்.

திருச்சுழிக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கண்மாய்க்கு, ஆற்றிலிருந்து ஒரு நீலக்கோடு வருகிறது. அந்த வரத்துக்கால் நடுவில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் தூர்ந்துபோனது. எங்கே திரும்புகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்மாய்க்குக் கீழே என் அண்ணன் மனைவிக்கு நெல் வயல். அத்தாச்சி என்றுதான் அழைப்பேன். மூன்று வருடமாக அவர் நாற்று நடவில்லை. மழைக்கு முன் வரத்துக்காலைத் திறக்க ஊரார் ஜேசிபி பிடித்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு நாள்.

வரைபடத்தில், மில்லிலிருந்து தெற்கே அரை மைலில் கால் திரும்புகிறது. நூல் வைத்து அளந்து, ரோட்டோர மில்லிலிருந்து நடந்துபோய், தோண்ட வேண்டிய இடத்தைக் கைகாட்டினேன். மத்தியானம் வரை வெறும் கரிசல்தான் வந்தது.

அத்தாச்சி ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தார்.

"ஆத்துத் தண்ணி போன தடத்துல மணலு கெடக்கணும்ல? இது மொளகா போடுற மண்ணு."

பிறகு வரைபடத்தின் வயதைக் கேட்டார். சொன்னேன்.

"இந்த மில்லு எங்க கல்யாணத்துக்குப் பெறகு கட்டுனது, கொழுந்தனாரே."

ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் இடத்தை ஊரில் மில்லுக்கிணறு என்பார்கள். நானே நூறு முறை சொல்லியிருப்பேன். பொட்டலில் கிடக்கும் கிணற்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று, பத்திரிகையில் செய்தியைச் சரிபார்த்தே பிழைக்கும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. வரைபடத்தின் பழைய மில் அங்கேதான் இருந்திருக்கிறது. அங்கிருந்து மறுபடி அளந்தோம். ஜேசிபியின் நான்காவது வாளியில் வெளுத்த ஆற்றுமணல் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பொழுது சாய்வதற்குள் காலின் இரண்டு முனைகளும் சேர்ந்துவிட்டன.

ஐப்பசியில் ஆறு ஓடியது. அலுவலகத்தில் மழைச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தபோது அத்தாச்சியின் போன். முதலில் குலவைச் சத்தம்தான் கேட்டது. கண்மாய்க்குள் தண்ணீர் நுழைந்தால் பெண்கள் கரையில் நின்று போடுவது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மடை வரைக்கும் வந்துருச்சு. நாளைக்கு நாத்துப் பாவப் போறேன்" என்றார். "பேப்பர்ல போடுறதா இருந்தா, மில்ல மட்டும் சரியாப் போடுங்க."