எதிர்வீட்டு அண்டாவும் திறக்காத வீடியோவும்

வலியசாலையில் எங்கள் வாசலுக்கு மேல் ஒரு கேமரா உண்டு. அதன் படம் மாடியிலுள்ள ரெக்கார்டரில் சேரும். வாசல் என்னுடையது, கரண்ட் பில்லும் என்னுடையது. படம் மட்டும் என்னுடையதில்லை என்பது எதிர்வீட்டு மாமியின் பித்தளை அண்டா காணாமல் போனபோது தெரிந்தது.

இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் பெண்தான் எடுத்தாள் என்று சொல்லி மாமி அவளை நிறுத்திவிட்டாள். "நான் எடுக்கல்ல சாரே. கேமராவில உண்டல்லோ, காட்டுங்க" என்று என் முன்னால் வந்து நின்றாள். மாடியில் ஓட்டிப் பார்த்தேன். தெருவில் வரும் ஈயம் பூசுகிறவரிடம் மாமியே அண்டாவைத் தூக்கிக் கொடுக்கிறாள்.

போய்ச் சொன்னேன்.

"நானா? எனக்கென்ன மறதியா அண்ணா? கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

முழங்கால் வலியால் அவளால் மாடி ஏற முடியாது. பென் டிரைவில் எடுத்துப் போனேன். அவள் டிவி, இப்படி ஒரு கோப்பை அறியேன் என்றது. பள்ளிக்கூட டீச்சரான அவள் மருமகளின் லினக்ஸ் லேப்டாப்பில் பச்சைக் கட்டங்களும் ஒரு செருப்பும் தெரிந்தன. கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியிலிருந்து வந்த என் மகளின் மேக்கில் கறுப்புத் திரை. நேரம் மட்டும் ஓடியது. மூன்று கருவி, மூன்று விதமான அவமானம்.

"கம்பெனிக்காரனோட சொந்த கோடெக்ப்பா. அவன் பிளேயர் விண்டோஸ்லதான் ஓடும்" என்றாள் மகள். இரண்டு வீட்டிலும் விண்டோஸ் இல்லை. படத்தைச் சுருக்குவதற்கு ஊரறிந்த முறைகள் இருக்க, தனக்கென்று ஒன்றைச் செய்து பூட்டி, சாவியைத் தன் மடியிலேயே செருகிக்கொண்டவனை என்னவென்று சொல்வது? அப்படி என்ன ராஜ ரகசியம்? ஓர் அண்டா, ஒரு கிழவி, குறுக்கே போகும் இரண்டு நாய்கள். பெட்டியின்மேல் 'எங்கும் பார்க்கலாம்' என்று வேறு அச்சடித்திருந்தான். எங்கும் என்றால் என் மாடி.

கடைசியில் ரெக்கார்டரின் திரையையே என் போனால் படம் பிடித்தேன். திரைக் கண்ணாடியில் என் தலையும் சுற்றும் விசிறியும் சேர்ந்து விழுந்தன. இத்தனை பொறியாளர்கள் போட்ட பூட்டுக்கு அது போதுமாக இருந்தது.

மாமி இரண்டு தரம் பார்த்தாள். "ஈயம் பூசக் குடுத்திருக்கேன் போலிருக்கு. உங்க வழுக்கைதான் அண்டாவைவிடப் பெரிசாத் தெரியறது" என்றாள். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "நாளைலேர்ந்து வரச் சொல்லுங்கோ" என்றதோடு சரி.

சொன்னேன். அந்தப் பெண் தன் போனை எடுத்து நீட்டினாள்.

"படத்தை எனக்கு அனுப்புங்க சாரே. நான் கள்ளின்னு தெரு முழுக்கச் சொல்லியாச்சல்லோ. வீடு வீடாக் காட்டணும்."

அனுப்பினேன். கீறல் விழுந்த அவள் போனில் தொட்டவுடன் ஓடியது.