ஜூலியன் போட்ட துளை

ஜூலியன் செத்துப்போன செய்தியை எனக்கு முதலில் சொன்னது, அவன் சாவுக்குக் காரணமானவனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. பாகூரில் ஒரு டிராக்டரின் ஹெட்லைட் ஒயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்தால் ஜூலியனின் படம். சுற்றிலும் ரோஜாப்பூ. கீழே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்கும் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட தனசேகரின் படம். ஜூலியன் படத்தைவிடப் பெரியது. அந்த நேரத்தில் உடல் பிணவறைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படம் முந்திக்கொண்டது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறோம், இரண்டு பக்கம் நல்லதாக எழுதிக் கொடு என்று எங்கள் மாதா கோயில் உபதேசியார் கேட்டார். அவர் என்னை மன்னிக்க வேண்டும். நல்லவனைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் நல்லதாக எழுத வராது.

ஜூலியனை உங்களில் பாதிப் பேருக்கு டிராக்டர் டிரெய்லர் வெல்டராகத் தெரியும். வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு போகிற வழியில் அவன் கொட்டகை. அவனுக்குப் பிடித்த வேலை வேறு. ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற சின்னக் கார்களுக்கு உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டுவான். ரோல் கேஜ் என்பார்கள். கார் கவிழ்ந்தால் தகரம் நசுங்கும், கூண்டு நிற்கும், ஆள் பிழைப்பான். வருடத்துக்கு நாலைந்து கார் வந்தால் பெரிது. ஒயரையெல்லாம் பிரித்து, தீப்பொறி படாத இடத்துக்கு நகர்த்தித் தருவது என் வேலை. இன்னொரு வேலையும் இருந்தது. என்னை ஹெல்மெட்டோடு சீட்டில் உட்காரவைத்து, தலைக்கும் குழாய்க்கும் நடுவில் கையை விட்டு அளப்பான்.

"நீ உக்காரு மச்சான். பனைமரம் நீ. உன் மண்ட தப்பிச்சா ஊர்ல எல்லா மண்டையும் தப்பிச்சிடும்."

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூண்டில் உள்ள ஒவ்வொரு குழாயிலும், கண்ணில் படாத அடிப்பக்கத்தில், நாலு மில்லிமீட்டரில் ஒரு துளை போடுவான். அதில் வளைத்த கம்பியை விட்டுப் பார்த்தால் குழாயின் கனம் தெரிந்துவிடும். பந்தயத்தில் சோதிக்கிறவர்கள் முக்கியமான குழாயில் ஒரு துளை கேட்டால் அதிகம். இவன் எல்லாவற்றிலும் போடுவான். ஈரம் இறங்காமலிருக்கக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகை உருக்கி அடைப்பான். "மெழுகு திருடுறியேடா" என்று உபதேசியாரே திட்டியிருக்கிறார். ஏன் இத்தனை துளை என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்கு எவனாச்சும் சந்தேகப்பட்டா தொறந்து பாத்துக்கட்டும்பா. ஓட்ட போட பயப்படறவன் பைப்புல என்னமோ ஒளிச்சிருக்கான்னு அர்த்தம்."

தனசேகர் திருக்கனூரில் மூன்று கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. துணிக் கூரை போட்ட, இரண்டு பேர் உட்காரும் சிவப்புக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். ஜூலியனைவிட ஆறு வயது சின்னவன். ஜூலியன் அவனை 'சார்' என்றான். அவன் ஜூலியனை 'டா' என்றான். போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"இது மாதிரி பளபளன்னு வேணும்டா. மாட்டிக் கழட்டற மாதிரி."

"அது போட்டோவுக்கு ஆவும் சார். கவுந்தா ஆவாது."

"நான் ஏன்டா கவுக்கப் போறேன்?"

"சொல்லிட்டுக் கவுக்கறவன் யாரு சார் இருக்கான்?"

பிறகு ஜூலியன் வாயால் பேசவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி போடுகிற ஸ்டீல் குழாய்த் துண்டு ஒன்றை வைஸ் பிடியில் வைத்து இறுக்கினான். முருங்கைக்காய் மாதிரி நசுங்கியது. அடுத்து, மூட்டுத் தையல் இல்லாத கனத்த குழாயை வைத்தான். வைஸ்தான் முனகியது. "இதுல எது சார் வேணும்?" என்றான். தனசேகர் சிரித்துக்கொண்டே கனத்ததைக் காட்டினான். இதை நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். ஆகவே அவனுக்குத் தெரியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவனுக்குத் தெரியும்.

மூன்று வாரம் வேலை நடந்தது. சீட்டைக் கழற்றி, விரிப்பைக் கிழித்துப் பார்த்தால் இடப்பக்கக் கதவோரம் தரை துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. கூண்டின் கால் அந்த இடத்தில்தான் இறங்க வேண்டும். மேலே ஒரு தகட்டை ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஜூலியன் துருவை முழுவதும் வெட்டி எடுத்து, புதுத் தரை போட்டு, அதன்மேல் கனத்த தகடு வைத்துக் காலை இறக்கினான். கதவுக்குக் குறுக்கே தொடை உயரத்தில் பக்கத்துக்கு ஒரு குழாய். ஏறும்போது காலைத் தூக்கித்தான் போட வேண்டும். தனசேகர் முகம் சுளித்தான். "சுடுகாட்டுக்குப் போவச்சொல்ல காலத் தூக்கத் தேவயில்ல சார், நாலு பேரு தூக்கிடுவாங்க" என்றான் ஜூலியன். கொட்டகையே சிரித்தது. தனசேகர் சிரிக்கவில்லை.

காரை எடுத்துப் போன பிறகும் சின்னச் சின்ன வேலைக்கு ஜூலியனை வீட்டுக்குக் கூப்பிடுவான். நானும் இரண்டு முறை போனேன். வாசலில் நின்று வேலை பார்த்தோம், வாசலில் நின்று டீ குடித்தோம். அந்த வீட்டுக்குள் ஜூலியனை அவன் ஒருநாளும் உட்கார வைத்ததில்லை. காரில் மட்டும்தான் உட்கார வைத்தான். ஒரே ஒரு முறை.

அந்த ஞாயிறு, காலைப் பூசை முடிந்து ஜூலியன் வெளியே வந்தால் கோயில் எதிரில் தனசேகரின் சிவப்புக் கார். பிரேக் போட்டால் என்னவோ சத்தம் வருகிறது, கூட ஏறிக் கேட்டுச் சொல் என்றிருக்கிறான். "சாப்ட்டுட்டுப் போயேன்" என்றிருக்கிறாள் ஜூலியனின் மனைவி ஸ்டெல்லா. "பத்து நிமிஷம்" என்று வெள்ளைச் சட்டையோடு இடப்பக்க சீட்டில் ஏறியிருக்கிறான். மடுகரை ரோட்டில் ஒரு வளைவு. வேகம். எதிரே கரும்பு லாரி. கார் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. வலப்பக்கம் ஓட்டிய தனசேகருக்குக் கையில் ஒரு கட்டு. இடப்பக்கக் கதவுக் குழாய் மடிந்து ஜூலியனின் மார்பில் இறங்கிவிட்டது.

அந்தக் கட்டுப் போட்ட கையோடுதான் அவன் அடக்கத்துக்கு வந்தான். வந்தவன் நின்ற இடத்திலெல்லாம் ஒரே பேச்சு. "பாவம், அவன் வெச்ச வெல்டிங்தான் வுட்டுப்போச்சு." போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்தான். மண் போட்டுத் திரும்புவதற்குள் ஊரும் அதையே பேசியது. உங்களில் சிலரும் பேசினீர்கள். என் காதால் கேட்டேன். சாயங்காலம் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள்.

"புள்ளைங்க நாளைக்கு ஸ்கூலுக்குப் போவணும் பாஸ்கரு. உங்கப்பன் வெல்டிங்கு உங்கப்பனையே கொன்னுடுச்சாமேன்னு கேப்பானுங்க. அதுக்கு இன்னா பதில் சொல்லச் சொல்ற?"

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். கார் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கிடந்தது. ஒரு ஏட்டையாவின் வண்டிக்கு ஒயரிங் பார்த்துக் கொடுத்தவன் என்பதால் கிட்டே விட்டார்கள். குழாய்மேல் சுற்றியிருந்த பஞ்சு உறையை விலக்கினேன். வலப்பக்கக் குழாயின் அடியில் விரலை ஓட்டினேன். துளை இருந்தது, மெழுகு இருந்தது. பின்னால் வளைந்து நின்ற பெரிய குழாயிலும் இருந்தது. மடிந்துபோன இடப்பக்கக் குழாயில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடினேன். துளை இல்லை. வெல்டிங் எங்கும் விட்டுப்போகவும் இல்லை. குழாய்தான் மடிந்திருந்தது. முருங்கைக்காய் மாதிரி.

குழாயை மாற்றியவரைத் தேடித் திருக்கனூரில் கிரில் பட்டறைகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவது பட்டறையில் ஷட்டர் இறங்காமலிருக்க ஒரு கறுப்புக் குழாயை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கையால் ஷட்டரைத் தாங்கிக்கொண்டு குழாயை உருவித் திருப்பினேன். அடியில் நாலு மில்லிமீட்டர் துளை. கோயில் மெழுகு.

"இது ஏதுண்ணே?" என்று பட்டறைக்காரரைக் கேட்டேன்.

"செவப்புக் காருதுபா. வீடியோ எடுக்கச்சொல்ல பக்கத்துல ஏறுறவங்களுக்குக் கால் இடிக்குதாம். அறுத்துட்டு, கீழ எறக்கி ஸ்டீல் பைப்பு வெச்சிக் கறுப்படிச்சுடுன்னாரு. செஞ்சேன்."

"அது இன்னாத்துக்கு இருக்குற பைப்புன்னு தெரியுமாண்ணே?"

"அழகுக்குன்னுதான்பா நெனச்சேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கறுப்புக் குழாயையும், மிச்சமிருந்த ஸ்டீல் குழாயில் ஒரு துண்டையும் கொடுத்தார்.

ஜூலியன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அடுத்தவன் கட்டிய கூண்டில் ஏறும் முன் துளையைத் தேடாமல் ஏறமாட்டான். தான் கட்டியதைத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது அவனுக்கு மானக்கேடு. "என் வேலைய நானே சந்தேகப்பட்டா வேற எவன்டா நம்புவான்?" என்பான். கதவுக் குழாய் கீழே இறங்கியிருப்பது அன்று அவன் காலுக்குத் தெரிந்திருக்கும். பஞ்சு உறைக்கு அடியில் ஒரு விரல் விட்டிருந்தால் போதும். விடவில்லை. தன் கை பட்ட பொருளை இன்னொருவன் பொய்யாக்கி வைத்திருப்பான் என்று அவனுக்கு நினைக்கத் தெரியவில்லை.

ஜூலியனின் குழாயில் துளை இருக்கும் பாதியை அறுத்து, பட்டறைக்காரர் எழுதிய தாளோடு காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அதிகாரி துளையில் கம்பியை விட்டுப் பார்த்தார். எழுதிக்கொண்டார். மறு பாதியை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது.

போன வாரம் தனசேகர் என் கடைக்கு வந்தான்.

"எதுக்குடா பெரிசு பண்ற? வேணும்னா அஞ்சலி பேனர்ல இருக்குற என் படத்த எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்காத. அப்படியே இருக்கட்டும். உன்னத் தெரியாதவங்களுக்கு ஆள் யாருன்னு காட்டணும் இல்ல?"

ஜூலியன் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்டெல்லா எனக்கு ஒன்றைக் கொடுத்தாள். அந்த நாலு மில்லிமீட்டர் டிரில் பிட். நுனி தேய்ந்திருக்கிறது. நான் வெல்டர் இல்லை, அதற்கு என்னிடம் வேலை இல்லை. ஆனாலும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். யாராவது அன்பாகத் தோளில் கை போட்டு "வா, ஏறு" என்று கூப்பிடும்போது அது நெஞ்சில் குத்துகிறது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குத்தல்தான்.

பூசையன்று கோயில் வாசலில் ஜூலியன் படத்துக்கு முன்னால் இரண்டு குழாய்த் துண்டுகள் இருக்கும். பூவை வைத்துவிட்டு ஒவ்வொருவரும் இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள். எது கனம் என்று சொல்லப் படிப்பு வேண்டாம். வெல்டிங் விட்டுப்போச்சு என்று பேசியவர்கள் இரண்டு முறை தூக்குங்கள்.

தனசேகரையும் அழைத்திருக்கிறேன். அந்தக் குழாய்களுக்கு நேர் எதிரே, முன்வரிசையில், ஒரு நாற்காலி. ஜூலியனை அவன் ஒரு முறை உட்கார வைத்தான். அவனை நாங்கள் உட்கார வைக்கிறோம்.