தோசைக்கல்லுக்குத் தெரிந்த வண்டி

அப்பாவின் கறுப்பு மோட்டார் சைக்கிளைக் காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். மனதுக்குள் பட்டியல் தயாராக இருந்தது: அவருடைய முட்டியால் இனி கிக்கரை உதைக்க முடியாது, உதிரிபாகம் கிடைப்பதில்லை, சுரங்கக் குவார்ட்டர்ஸ் பின்புறம் நின்று துருப்பிடிக்கிறது. வைத்துக்கொள்ள ஒரு காரணமும் தோன்றவில்லை. அப்பா மறுக்கவில்லை. "எடத்தப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றார்.

புதுச்சேரி சாலையில் ஒருவர் பழைய வண்டிகளைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார். மெக்கானிக்கல் படித்தவள் நான். கார்புரேட்டர், மேக்னெட்டோ என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் எங்கள் வண்டியே நின்றது. அதே மாடல், அதே கறுப்பு.

அப்பா சட்டைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்து அதில் போட்டார். திரும்பியது.

"சார், எப்படி சார்?" என்று ஓடி வந்தார் உரிமையாளர்.

"தேஞ்ச சாவிங்க. எங்க மைன்ஸ் ஸ்டாண்டுல பாதி வண்டி இதுல தொறக்கும்."

பழைய கூத்து ஒன்று நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் அப்பாவின் வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டால்தான் அம்மா தோசைக்கல்லைப் போடுவார். சுரங்கத்திலிருந்து முழுசாக வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் எங்களுக்குச் சேதி. ஒருநாள் அப்பா வாசலில் நிற்கிறார், அடுப்பே பற்றவைக்கவில்லை.

"யாரு வண்டிய ஓட்டிக்கினு வந்தீங்க?" என்றார் அம்மா.

அப்போதுதான் அப்பா நம்பரைப் பார்த்தார். எல்லா வண்டியும் கறுப்பு, எல்லாவற்றின் மேலும் ஒரே நிலக்கரித் தூசி. சற்று நேரத்தில், "நம்ம வண்டி வருது" என்று அம்மா கல்லைப் போட்டார். தன் வண்டியைத் தேடி எங்கள் வண்டியில் வந்து இறங்கியவர், திட்டுவதற்கு முன் நாலு தோசை சாப்பிட்டார்.

"இத ஸ்டார்ட் பண்ணுவீங்களாங்க?" அப்பா உரிமையாளரிடம் கேட்டார்.

"இல்ல சார். பெட்ரோல், ஆயில் எல்லாம் எடுத்துட்டுத்தான் நிறுத்துவோம்."

"நல்லா வச்சிருக்கீங்க" என்றார் அப்பா. ஆனால் சாவியை உருவிப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்தார். "என்னம்மா, குடுத்துடலாமா?"

பள்ளிக்கு டேங்கின் மேல் உட்கார்ந்து போனது, விடுதிக்குப் பின்சீட்டில் பெட்டியை அணைத்துக்கொண்டு போனது, எதுவும் என் பட்டியலில் இல்லை.

"முட்டி உங்களுக்குத்தானப்பா வலிக்குது? எனக்கில்லையே" என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பலமுறை உதைத்த பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. எங்கள் குடியிருப்பு வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தெருமுனை திரும்பி, வாசலில் நிறுத்தி அணைத்தேன்.

அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கல்லில் மாவு சுரீரென்றது.