பட்டன் டெஸ்ட் பாஸ்

எங்கள் அருள்புரம் கம்பெனியில் கைக்குழந்தைச் சட்டைகள் தைக்கிறோம். கப்பலேறும் முன் பட்டன்களை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். பட்டன் பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டு மூச்சடைத்துவிடுமே என்று சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் பயம். நியாயமான பயம்தான்.

இன்று காலை பக்கத்து டேபிள் செல்விக்கு அவள் கணவரிடமிருந்து போன். அவர்களுடைய எட்டு மாதப் பையன் நிமோனியாவோடு ஐசியூவில் இருக்கிறான். இப்போது இதயமும் தளர்ந்துவிட்டதாம். மூச்சுக்கு மெஷின் வைக்கப் போகிறார்கள், உடனே வா என்றாராம்.

மேனேஜரிடம் ஓடினாள்.

"சளி புடிக்காத கொழந்தை எங்கீங்க இருக்குது? மத்தியானம் இன்ஸ்பெக்‌ஷன். பட்டன் டெஸ்டை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

எத்தனை 'ங்க' பாருங்கள். எங்கள் ஊர் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது.

"வெறும் சளி இல்லீங்க சார். இதயத்தையும் பாதிச்சிருச்சுன்னு டாக்டர் சொல்றாருங்க."

"டாக்டருங்க அப்படித்தானுங்க பயமுறுத்துவாங்க."

நான் அவள் பையை எடுத்துக் கையில் திணித்தேன். "நீ கெளம்பு கண்ணு. பட்டனை நான் இழுத்துக்கறேன்."

மேனேஜர் என்னை முறைத்தார். அதையும் மரியாதையாகத்தான் செய்தார்.

மத்தியானம் டெஸ்ட் பாஸ். ஒரு பட்டன்கூடப் பிய்யவில்லை. 'குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது' என்ற தாளில் மேனேஜர் சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டார்.

செல்வியின் மகன் இன்னும் மெஷினில்தான் இருக்கிறான்.

எங்கள் கம்பெனிக்குக் குழந்தைகளின் மூச்சு ரொம்ப முக்கியம். குழந்தை மட்டும் கப்பல் போகிற ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

உங்கள் கம்பெனியில் எப்படீங்க?